மூன்றாம் கட்டில்காரர்

எங்கள் தொழிலில், நோயாளி வாயைத் திறப்பதற்குள் அவரோடு வந்த நாலு பேர் நாலு காரணம் சொல்லி முடித்திருப்பார்கள். வெயிலில் நின்றார், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார், ஒன்றும் சாப்பிடவில்லை, கண்டதையும் சாப்பிட்டார். நீங்களும் எங்காவது ஓர் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில், யாருடைய செருப்பையோ கையில் பிடித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். உள்ளேயிருந்து "கொஞ்சம் வெளிய இருங்க" என்று எரிச்சலோடு ஒரு குரல் கேட்டிருக்கும். அது என்னைப் போன்ற ஒருவனின் குரல்தான். வெளியே நிற்பது ஒரு அவஸ்தை என்றால் உள்ளே நிற்பது இன்னொரு அவஸ்தை.

நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு நடுத்தர மருத்துவமனையில். திருநின்றவூரிலிருந்து தினமும் இரண்டு ரயில் மாறி வருகிறேன். எங்கள் பிரிவில் ஐந்து கட்டில்கள், இடையிடையே பச்சைத் திரை. செயற்கையாக மூச்சு கொடுக்கும் இயந்திரம் ஒன்றே ஒன்று, மூன்றாம் கட்டிலின் தலைமாட்டில். சொர்ணவாரி நெல் அறுப்பு நேரத்தில் அந்தக் கட்டிலில் ஒருவர் எட்டு நாள் கிடந்தார். அந்த எட்டு நாளில் வந்துபோனவர்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

கருவாட்டுக் குழம்பு

முனிரத்தினம் தன் காலாலேயே நடந்து வந்தார். இங்கே பக்கத்தில் இருக்கும் ஆரணியை ஒட்டி ஒரு கிராமம், நாற்பது வயது, சொந்த நிலத்தில் நெல். ராத்திரி தின்ற கருவாட்டுக் குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை, விடிந்ததிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரள்கிறார் என்று அண்ணன் கஜேந்திரன் சொன்னார். மனைவி ஜெகதா அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். வயிற்றை அமுக்கிப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. ஆனால் கண் இமைகள் பாதி இறங்கியிருந்தன. "தூக்கம் இல்ல சார், அறுக்கிற மிசினு வருதுன்னு மோட்டார் கொட்டாயிலயே தரையில படுத்துக்கினான்" என்றார் அண்ணன். மேலே பார்க்கச் சொன்னேன். முனிரத்தினத்தின் நெற்றி சுருங்கி மேலே போனது, இமைகள் போகவில்லை. பேச்சு மூக்கால் வந்தது.

தரையில் படுத்தவர், காலையில் வயிற்றுவலி, இறங்கும் இமை. கட்டுவிரியன் என்று எனக்குப் பட்டது. அது கடித்தால் வலிக்காது, வீங்காது. பல் பட்ட தடம்கூட இருக்காது. எஸ்தர் சிஸ்டர் டார்ச் அடித்துக் கால் விரல் இடுக்கு முதல் காது மடல் வரைக்கும் தேடினார். எறும்பு கடித்த தடம்கூட இல்லை. பாம்பு என்று நான் சொன்னதும், கருவாடு தின்றது நான்தான் என்பதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அரை மணி நேரத்தில் அவருக்கு எச்சில் விழுங்க முடியவில்லை, பிறகு மூச்சும் இல்லை. தொண்டையில் குழாய் இறக்கி இயந்திரத்தில் இணைத்தோம். விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் அவர் உடம்பில் ஒரு தசைகூட அசையவில்லை. கஜேந்திரன் திரையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "கருவாட்டுக் கொழம்புக்கா சார் இவ்ளோ பெரிய மிசினு வெக்கிறீங்க?"

நட்டு

அன்று பிற்பகல் ஒரு கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் ஒரு தொழிலாளியைக் கூட்டி வந்தார். இடது மோதிர விரலில் ஒரு பெரிய இரும்பு நட்டு. விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. "கம்பெனியில நடக்கல சார், ரூம்ல நடந்துச்சு" என்றார் ஆபீசர், நாங்கள் கேட்பதற்கு முன்பே. "ரூம்ல எதுக்குங்க இவ்ளோ பெரிய நட்டு?" என்றார் எஸ்தர் சிஸ்டர். அந்தத் தொழிலாளிக்குப் பொய் வரவில்லை. "செல்லுல பேசிக்கினே சும்மா மாட்டிப் பாத்தேன் சிஸ்டர். ஊட்டுக்காரிதான் பேசுனா. பேச்சு நீண்டுபோச்சு, விரலு வீங்கிப்போச்சு."

சோப்பு போட்டோம், நூல் சுற்றி இழுத்தோம். எங்களிடம் இருக்கிற கருவி தங்க மோதிரம் வெட்டத்தான் லாயக்கு. கடைசியில் அதே கம்பெனியின் ஃபிட்டரை வரவழைத்தோம். வேலு என்று பெயர், காக்களூரில் லேத்துப் பட்டறையில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். கையில் கிரைண்டரோடு வந்தார். ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் தீப்பொறி பறந்தால் எல்லோரும் சேர்ந்து பறப்போம் என்று சிஸ்டர் வாசலிலேயே மறித்துவிட்டார். வேலு யோசித்துவிட்டு ஆக்சா பிளேடு எடுத்தார். நட்டுக்கும் விரலுக்கும் நடுவே மெல்லிய தகரத் துண்டு ஒன்றைச் செருகினார். மூன்றாம் கட்டிலுக்கும் இரண்டாம் கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு அறுக்க ஆரம்பித்தார். சூடு ஏறாமல் இருக்க சிஸ்டர் சலைன் ஊற்றினார். எனக்கு டார்ச் பிடிக்கிற வேலை. நட்டு இரண்டாக நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் ஒருமுறை, கொஞ்சம் மெதுவாக அறுக்கலாமே என்று சொன்னேன்.

வேலு தலை நிமிரவில்லை. "விரலு உங்க டிபார்ட்மென்ட்டு, நட்டு எங்க டிபார்ட்மென்ட்டு. டார்ச்ச நேரா புடிங்க டாக்டர்."

நீலம்

வேலு சொன்னதற்கு நாங்கள் சிரித்தபோது மூன்றாம் கட்டிலின் மானிட்டர் ஒருமுறை கத்தி அடங்கியது. காய்ச்சலோ என்று முனிரத்தினத்தைத் தொட்டுப் பார்த்தேன், இல்லை. ஒயர் தளர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வந்தவர் ஒரு சாயப்பொருள் ஷெட்டில் பீப்பாய் கழுவுகிறவர். உதடு, நகம், காது எல்லாம் நீலம், நாவல் பழம் தின்ற நாக்குபோல. ஆனால் நன்றாகப் பேசினார், தலை மட்டும் சுற்றுகிறதாம். ஆக்சிஜன் வைத்தோம். எவ்வளவு வைத்தும் அளவு ஏறவில்லை. ரத்தம் எடுத்தால் சிவப்பாக இல்லை, காப்பித் தூள் போட்டுக் கலக்கியதுபோல இருந்தது. பீப்பாயில் என்ன இருந்தது என்று கூட வந்த சூப்பர்வைசரிடம் கேட்டேன். "தண்ணிதான் சார்" என்றார். தண்ணீரில் ஆள் நீலமாகிறதென்றால் பழவேற்காடு ஏரியே நீல மனிதர்களால் நிறைந்திருக்க வேண்டும். துணியையெல்லாம் வெட்டி எடுத்து, தலையிலிருந்து சோப்பு போட்டுக் கழுவினோம். சில ரசாயனங்கள் தோல் வழியாகவே உள்ளே போய் ரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க விடாமல் செய்துவிடும். அதற்கு மருந்து ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒருமுறைகூட எடுக்காத மருந்து. அதன் நிறம் நல்ல அடர்ந்த மை நீலம்.

ஊசிக் குழாயில் அதைப் பார்த்ததும் நோயாளி கையை இழுத்துக்கொண்டார். "ஏற்கெனவே நீலமா கீறேன், நீங்க வேற நீலத்த ஏத்துறீங்களே" என்று சண்டை. பிடித்துவைத்து ஏற்றினோம். ஒரு மணி நேரத்தில் உதடு சிவந்தது. எஸ்தர் சிஸ்டர் கண்ணாடி எடுத்து வந்து காட்டினார், ஆளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் காலரைத் தளர்த்திக்கொண்டு டீ குடிக்கப் போனேன். பாதி டீயில் அவர் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. அந்த மருந்து வெளியேறும் வழியைப் பற்றி முன்கூட்டியே சொல்ல மறந்துவிட்டிருந்தேன்.

"சார், மூஞ்சி செவந்துச்சி, சரி. ஒண்ணுக்கு பச்சையா போவுதே, இதுக்கு யாரு பொறுப்பு?"

திருக்கை முள்

மூன்றாம் நாள் காலை காதர் பாய் வந்தார். பழவேற்காட்டில் நண்டு, இறால் வியாபாரம், அறுபதைத் தாண்டியவர். ஏலத்துக்குக் கொட்டிய மீனை மிதித்துவிட்டார். குவியலில் உயிரோடு கிடந்த திருக்கை வாலைச் சுழற்றிவிட்டது. அந்த வாலில் இருக்கிற முள் ஏறினால் பெரிய பயில்வானும் அழுதுவிடுவான். வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்திருக்கிறார். இதற்கு வைத்தியம் எளிது: முள் துண்டு உள்ளே தங்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, காலைத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைக்க வேண்டும். அந்த விஷம் சூட்டுக்கு அடங்கிவிடும். வாளியில் கால் வைத்த பத்தாவது நிமிடம் கத்தல் நின்றது. பதினோராவது நிமிடம் பேச்சு ஆரம்பித்தது.

அவரை உட்கார வைத்தது மூன்றாம் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில். நாங்கள் யாரும் நின்று கேட்காததால் முனிரத்தினத்திடம் சொல்ல ஆரம்பித்தார். "கேளு தம்பி, ஒரு மாப்பிள்ளை. பொண்ணு ஊரு ஏரிக்கு அந்தாண்ட. படகுல போறாரு. புதுச் சட்டை, மாலை, கூட பன்னெண்டு பேரு, ஒரு அண்டா பிரியாணி. நடு ஏரியில தண்ணி வத்திப்போயி படகு சேத்துல குந்திக்கிச்சி. எறங்கலாம்னா இடுப்பு மட்டும் சேறு. அந்தாண்ட கரையில பொண்ணு ஊட்டுக்காரங்க கைய காட்றாங்க..." நான் வெந்நீர் மாற்றும்போதும், இன்னொரு நோயாளிக்குத் தையல் போடும்போதும் மாப்பிள்ளை படகிலேயே இருந்தார். மதியம் பாயின் மகன் ஆட்டோவோடு வந்தபோதும் இறங்கியிருக்கவில்லை. எனக்குக் கட்டில் வேண்டியிருந்தது. "பாய், மீதிய ஊட்டுக்குப் போயி சொல்லுங்க" என்று எழுப்பிவிட்டேன்.

பாய் எழுந்து முனிரத்தினத்தின் தோளைத் தட்டினார். "என் வாழ்க்கையில இவரு ஒருத்தர்தான் டாக்டர், நான் பேசும்போது குறுக்க பேசாம கேட்டாரு."

டார்ச்

அன்று மாலை சென்னையிலிருந்து வாரம் ஒருமுறை வரும் பெரிய டாக்டரிடம் மூன்றாம் கட்டிலைக் காட்டினேன். இமையை விலக்கி டார்ச் அடித்தார். கண்மணி இரண்டும் விரிந்து கிடந்தன, வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. தட்டினார், கிள்ளினார், முட்டியில் சுத்தியலால் அடித்தார். ஒன்றும் இல்லை. கட்டுவிரியன் விஷத்தில் எல்லா நரம்பும் கட்டுண்டு போவதால் இப்படித் தெரியலாம், மூளை விழித்தே இருக்கலாம் என்று நானும் படித்திருக்கிறேன், அவரும் படித்திருக்கிறார். ஆனால் குழாய் இறக்குவதற்குள் எவ்வளவு நேரம் மூச்சில்லாமல் இருந்தார் என்று எனக்கே நிச்சயமில்லை. முதல் நாள் கொடுத்த மயக்க மருந்து எப்போதோ இறங்கிவிட்டிருந்தது. பிறகு நாங்கள் கொடுக்கவில்லை. அசையாதவருக்கு எதற்கு என்று நினைத்தோம். பெரிய டாக்டர் டார்ச்சைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "பிரயோஜனம் இல்ல. சொந்தக்காரங்ககிட்ட சொல்லிடுங்க."

கோபம்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் தேறமாட்டார் என்று தெரிந்தால் மருத்துவமனையில் விடமாட்டார்கள், உயிர் இருக்கும்போதே வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவார்கள். அது அன்பில் செய்வது. ஆனால் வெளியே போகும்போது இயந்திரம் கூட வராது. முனிரத்தினத்தை அதிலிருந்து கழற்றினால் வாசலைத் தாண்டமாட்டார்.

பெரிய டாக்டர் சொன்னதை இரவே கஜேந்திரனிடம் சொல்லி, ஒரு நாள் பார்ப்போம் என்றிருந்தேன். நாலாம் நாள் காலை அவர் பங்காளிகள் இரண்டு பேரோடு வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. "மூச்ச மிசினுதான் வுடுது சார். ஆளு போயிட்டான். புள்ளைங்க ஒரு தபா மூஞ்சிய பாக்கட்டும், எடுத்துக்கினு போயிடறோம்." இன்னும் ஒரு நாள் என்றேன். "நேத்தும் அதத்தானே சொன்னீங்க? இன்னா மாறிச்சி?" என்றார். கட்டுவிரியன் கடித்தவர்கள் எழுந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். இவர் உட்காருவார் என்று சொல்ல என்னிடம் ஒரு காகிதம்கூட இல்லை. கையெழுத்துக்கு ஃபாரம் எடுக்கச் சொன்னேன். ஜெகதா கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஃபாரம் வரும்வரை சும்மா நிற்க முடியாமல் கஜேந்திரன், தம்பி மனைவியிடம் நெல் அறுப்பைப் பற்றிப் பேசினார்; அவர்கள் ஊரில் கொல்லை என்றால் வயல். "அறுக்கிற மிசினு நேத்தே வந்துடுச்சிம்மா. மழ கட்டிக்கினு நிக்குது. முறைப்படி உங்க கொல்லதான் மொதல்ல. இங்க இப்டி கீதேன்னு நான் என் கொல்லய அறுத்துட்டேன். உங்குது சாஞ்சி கெடக்குது, பாப்போம்." மானிட்டர் கத்தியது. எழுபத்தெட்டில் ஓடிக்கொண்டிருந்த நாடித்துடிப்பு நூற்று இருபத்தாறு. எஸ்தர் சிஸ்டர் ஒயரைச் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. மெல்ல எழுபத்தெட்டுக்கு இறங்கியது. முதல் நாள் நாங்கள் சிரித்தபோதும் இது கத்தியது எனக்கு ஞாபகம் வந்தது. "கஜேந்திரன், இப்ப சொன்னத திருப்பிச் சொல்லுங்க" என்றேன்.

"எத சார்?"

"யார் கொல்லய மொதல்ல அறுத்தீங்க?"

"என் கொல்லய..." நூற்று இருபத்து நாலு.

பங்காளிகள் மானிட்டரை அண்ணாந்து பார்த்தார்கள், கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல. கஜேந்திரனுக்கு வியர்த்துவிட்டது. கட்டிலருகே குனிந்து, "டேய் முனி, மத்தியானத்துக்குள்ள உன் கொல்லய அறுத்துடறேன்டா, சத்தியமா" என்றார். நூறு. தொண்ணூறு. எண்பது. நர்ஸ் ஒருவர் ஃபாரத்தோடு வந்து நின்றார், யாரும் வாங்கவில்லை. நாலு நாளாகப் பேசாத ஜெகதா அப்போதுதான் வாயைத் திறந்தார்:

"கோவம் வந்துருக்குது சார் அவருக்கு. ஆளு உள்ளதான் கீறாரு."

மாப்பிள்ளை

அன்றைக்கே ஒருவழியாக மயக்க மருந்து கொஞ்சம் கொடுத்தோம். அதற்கு முன் அவர் காதருகே போய், "நீங்க கேக்குறீங்கன்னு தெரியும், சரியாயிடுவீங்க" என்று சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது. ஆறாம் நாள் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. ஏழாம் நாள் நெற்றி, பிறகு இமை. எட்டாம் நாள் காலை தொண்டைக் குழாயை எடுத்தோம். குரல் மணலில் தகரம் உரசுவதுபோல வந்தது. முதல் கேள்வி அண்ணனிடம்: "அறுத்தியா?" கஜேந்திரன் செல்போனில் போட்டோவே எடுத்து வைத்திருந்தார். மூட்டை மூட்டையாக நெல். முனிரத்தினம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். நான்தான் டாக்டர் என்று சிஸ்டர் சொன்னார். "வந்த அன்னிக்கி கண்ணு சரியா தெரியல. கொரல வெச்சி நல்ல ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார். நட்டு அறுத்தவரைக் கேட்டார். பச்சையாகப் போனவருக்கு அப்புறம் நிறம் மாறியதா என்று கேட்டார். எஸ்தர் சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கட்டும் என்று அவர் காத்திருந்ததுபோல இருந்தது. "அந்தப் பெரிய டாக்டரு பிரயோஜனம் இல்லன்னாரு. நீங்க 'ம்'னீங்க" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது, நடந்ததைச் சொல்கிற குரல். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குமேல் என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அவரே பேச்சை மாற்றினார். "அது கெடக்கட்டும் சார். அந்த பாய நீங்கதானே பாதியில அனுப்பிச்சிட்டீங்க? கண்ணத் தொறக்க முடியல, கைய அசைக்க முடியல, பேஜாரா கீது. அந்த மாப்பிள்ளையத்தான் நெனச்சிக்கினு கெடந்தேன். எறங்குனாரா, இல்லியா?" பதிவேட்டில் காதர் பாயின் நம்பர் இருந்தது. போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பாய் பேசாமல் இருந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க தம்பி எறங்குறது? ஹஜ்ரத்தையும் பொண்ணோட வாப்பாவையும் சின்ன தோணியில ஏத்திக்கினு வந்து நடு ஏரியிலயே நிக்காஹ் முடிச்சாங்க. இன்னிக்கி வரைக்கும் என் பொஞ்சாதி சொல்லிக் காட்றா, கரைக்கே வந்து சேராத ஆளுன்னு."

அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் அசையாமல் கிடப்பவர் பக்கத்தில் யாரும் கதையைப் பாதியில் நிறுத்துவதில்லை. நானும் 'ம்' சொல்வதைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.